73-ஐ நிரூபித்த வல்லம் பிள்ளை: விமான விபத்தில் பலியான கணித மேதை

தென்காசி:
குற்றாலம் பக்கத்தில் உள்ள வல்லத்தில் 1901-ம் ஆண்டு பிறந்தவர் எஸ்.எஸ்.பிள்ளை என்கிற சிவசங்கரநாராயண பிள்ளை. ஒரு வயசில் தாயை இழந்தார். பள்ளி கடைசி வருடம் தந்தையும் இறந்துவிட, படிப்பே நின்றுபோகும் நிலை. சாஸ்திரியார் என்ற ஆசிரியர்தான் கைகொடுத்து படிக்க வைத்தார்.

நாகர்கோவில், திருவனந்தபுரத்தில் கல்லூரி படிப்பு. பிறகு சென்னை பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி. 1929-ல் சிதம்பரம் அண்ணாமலை பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் வேலையில் சேர்ந்தவர், 12 வருடம் அங்கேயே பாடம் நடத்தினார்.

உலகமே திணறிய கணக்கு

2-ஐ 6 முறை எழுதி பெருக்கினால் 64. 3-ஐ அப்படி பெருக்கினால் 729. இந்த மாதிரி எண்களை மட்டும் கூட்டி எந்த எண்ணையும் கொண்டுவர அதிகபட்சம் எத்தனை தேவை? பெரிய பெரிய மேதைகளே திணறினார்கள். 73 போதும் என்று 1940-ல் நிரூபித்து காட்டினார் பிள்ளை. உதாரணத்துக்கு 703-ஐ கொண்டுவர பத்து 64-ம், அறுபத்து மூன்று 1-ம் வேண்டும். சரியாக 73.

1942-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்துக்கு போனார். 1950-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் ஆராய்ச்சி நிலையம் ஒரு வருடத்துக்கு அழைத்தது. ஹார்வர்டில் உலக கணித மாநாடு வேறு. ஆசையோடு கிளம்பினார்.

ஆகஸ்டு 31-ந்தேதி கெய்ரோவில் இருந்து புறப்பட்ட விமானம் தீப்பிடித்து பாலைவனத்தில் விழுந்தது. 55 பேரும் பலி. பிள்ளைக்கு அப்போது 49 வயசு.

அவர் விட்டுப்போன 'பிள்ளை யூகம்' என்ற கணக்கை இன்னும் யாராலும் முழுசாக தீர்க்க முடியவில்லை.