பாசியைத் துடைத்த பீட்டர்

பெஞ்சமின் பிராங்கிளின் என்றதும் பலருக்கு இடிதாங்கியும் அமெரிக்க நூறு டாலர் நோட்டும் நினைவுக்கு வரும். எனக்கு அவர் தம் முன்னோரைத் தேடிப் போன பயணம்தான் முதலில் நினைவுக்கு வரும்.

அமெரிக்கா இங்கிலாந்தின் ஆட்சியில் இருந்தபோது, 1706ஆம் ஆண்டு பாஸ்டனில் அவர் பிறந்தார். தந்தை ஜோசையா 1683இல் இங்கிலாந்திலிருந்து குடியேறியவர். மெழுகுவர்த்தியும் சவர்க்காரமும் செய்து விற்றவர். அவருடைய 17 பிள்ளைகளில் பெஞ்சமின் 15ஆவது, ஆண்களில் கடைக்குட்டி. பள்ளிப் படிப்பு இரண்டே ஆண்டுகள். 12 வயதில் அண்ணனின் அச்சகத்தில் தொழில் பழகச் சேர்ந்தார். அண்ணனின் அடி பொறுக்காமல் 17 வயதில் பிலடெல்பியாவுக்கு ஓடிப்போனார்.

அந்தப் பையன் பெயரும் புகழும் பெற்று, 1758இல் தந்தையின் பூர்வீகக் கிராமமான எக்டனுக்குச் சென்றார். மகன் வில்லியமும் உடன் சென்றார். அங்கிருந்த தேவாலயப் பதிவேட்டில் 1555 முதல் பிறப்பு, திருமணம், அடக்கம் எல்லாம் எழுதப்பட்டிருந்தன. பிராங்கிளின் குடும்பத்தார் பெரிய பிரபுக்கள் அல்லர். சுமார் 30 ஏக்கர் நிலமும் கொல்லன் பட்டறையும் வைத்துப் பிழைத்தவர்கள். ஐந்து தலைமுறையாகக் கடைசி மகனுக்குக் கடைசி மகனாகத் தாம் பிறந்திருப்பதையும் அவர் அந்தப் பதிவேட்டில்தான் அறிந்தார்.

கல்லறைகளில் பாசி படர்ந்து எழுத்துகள் மறைந்திருந்தன. பீட்டர் என்பவர் பிரஷ்ஷும் தண்ணீரும் கொண்டு தேய்த்துச் சுத்தம் செய்தார். வில்லியம் அவற்றைப் படியெடுத்தார். பிராங்கிளின் மனைவிக்கு எழுதிய கடிதத்தில் இந்தச் செய்தி இருக்கிறது.

பீட்டர் பிராங்கிளினின் அடிமை.

என்னை உறுத்துவது இதுதான். எஜமானின் ஐந்து தலைமுறையைத் துலக்கிக் காட்டியவருக்குத் தம் பாட்டனின் பெயரைத் தேடிப் பார்க்க ஒரு பதிவேடு இல்லை. 1771இல் பிராங்கிளின் எழுதத் தொடங்கிய சுயசரிதையில் முன்னோர் வரலாறு விரிவாக வருகிறது. பாசியைத் துடைத்த பீட்டர் வரவில்லை. முதுமையில் பிராங்கிளின் மனம் மாறினார். 1787இல் பென்சில்வேனியாவின் அடிமை ஒழிப்புச் சங்கத்துக்குத் தலைவரானார். 1790இல், இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், அடிமை முறைக்கு எதிரான மனு அவர் கையொப்பத்துடன் நாடாளுமன்றத்துக்குச் சென்றது.

ஒரு குடும்பம் மறக்கப்படாமல் இருக்க அது பெரிய குடும்பமாக இருக்க வேண்டியதில்லை. யாராவது எழுதி வைத்தால் போதும். கொல்லர்களின் பெயர்கள் அப்படித்தான் நின்றன. மாணவர்களே, உங்கள் தாத்தா பாட்டியின் பெற்றோர் பெயர்களை இன்றே கேட்டு எழுதி வையுங்கள்.