காவலர் மகன் படைத்த கள்ளன்

நாமக்கல் என்னும் ஊர்ப்பெயரைச் சொன்ன அளவில் கவிஞர் என்னும் சொல்லும் உடன்வந்து நிற்கும். வெ. இராமலிங்கம் பிள்ளையின் தேசியப் பாடல்களை அறியாதார் நம் வட்டத்தில் இலர். எனினும் அப்பெருமகனார் எழுதிய மருமக் கதையைப் பொழுதுபோக்கென்று ஒதுக்கிவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. பத்தாண்டு நிறைவு காணும் இவ்வேளையில் அவ்வழக்கத்தை மறுஆய்வு செய்தல் நலம்.

காவிரிக் கரையிலுள்ள மோகனூரில் 1888 அக்டோபர் 19 அன்று வெங்கடராமன், அம்மணியம்மாள் இணையருக்கு அவர் பிறந்தார். தந்தையார் காவல்துறையில் தலைமைக் காவலர். ஏழு பெண்மக்களுக்குப் பின் எட்டாவதாகப் பிறந்த ஆண்மகவு. இராமேசுவரத்து இறைவனை வேண்டிப் பெற்றதால் இராமலிங்கம் எனப் பெயரிட்டனர். ஆகவே இறைநம்பிக்கையும், சட்டம் காக்கும் தொழிலும், தமக்கையர் நிறைந்த வீடும் அவருடைய பிள்ளைப் பருவத்தைச் சூழ்ந்திருந்தன.

நாமக்கல்லிலும் கோவையிலும் பள்ளிப்படிப்பு. திருச்சிராப்பள்ளியில் கல்லூரிப் படிப்பு. வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தராகவும் பின்னர்த் தொடக்கப்பள்ளி ஆசிரியராகவும் சிலகாலம் இருந்தார். தூரிகையே அவருக்கு முதலில் புகழ் சேர்த்தது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழாவையொட்டித் தீட்டிய ஓவியம் பொற்பதக்கம் பெற்றது. மன்னரை வரைந்த அதே கை பின்னாளில் அம்மன்னரின் ஆட்சிக்கு எதிராக எழுதியது. 1930 ஏப்ரலில் இராஜாஜி தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியத்திற்குப் புறப்பட்ட உப்புச் சத்தியாக்கிரகப் படை பாடிச்சென்ற வழிநடைப் பாடல் அவருடையது. 1932-இல் ஓராண்டுச் சிறைத்தண்டனையும் அடைந்தார். காவலரின் மகன் கைதியானார். சட்டத்தின் இருபுறத்தையும் அவர் கண்டார்.

'மலைக்கள்ளன்' புதினத்தை இப்பின்னணியில் வைத்துப் படிக்க வேண்டும். பூங்கோதை என்னும் பெண் கடத்தப்படுகிறாள். பழி மலையில் வாழும் கள்ளன்மீது விழுகிறது. அவனோ அவளை மீட்டு, கண்ணியத்தோடு காக்கிறான். ஊரில் பெரிய மனிதராய் உலவுவோரிடம் குற்றம் மறைந்திருக்கிறது. கள்ளனெனப்படுபவனிடம் அறம் இருக்கிறது. அக்கள்ளன் யாவன் என்னும் முடிச்சை இங்கே அவிழ்த்தல் முறையன்று. இனிமேல்தான் படிக்கப்போகும் இளையோர் உளர். பெயரையும் வேடத்தையும் விடுத்து நடத்தையால் மனிதரை எடைபோடப் பூங்கோதை கற்கிறாள். மாற்றானிடமும் அறம் உண்டு என்ற காந்திய நம்பிக்கையே இக்கதையின் உயிர்நாடி என்பது என் துணிபு. சத்தியாக்கிரகிகளுக்குப் பாட்டாகத் தந்ததைச் சிறுமியர்க்குக் கதையாகத் தந்தார் எனலாம். வானத்தில் கொல்லிமலை நீலமாய்த் தெரியும் நம் சமவெளியில் வளரும் பிள்ளைக்கு அம்மலைக்குகைகள் அயலானவை அல்ல.

கற்பகவல்லி, மரகதவல்லி, தாமரைக்கண்ணி என அவர்தம் பிற புதினங்களின் பெயர்களிலும் பெண்களே முன்னிற்கின்றனர்.

1954-இல் கோவை பட்சிராஜா நிறுவனத்தார் மலைக்கள்ளனைத் திரைப்படமாக்கினர். ஸ்ரீராமுலு நாயுடு இயக்கினார், எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தனர், கலைஞர் மு. கருணாநிதி உரையாடல் தீட்டினார். குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற அப்படம் தெலுங்கு, இந்தி, மலையாளம், கன்னடம், சிங்களம் ஆகிய மொழிகளுக்கும் சென்றது. திரையின் புகழ் பெருகப் பெருக, மூலநூலை எழுதியவர் ஒரு கவிஞர் என்பதைப் பலர் மறந்தனர்.

நாடு அவரை மறக்கவில்லை. 1949-இல் சென்னை மாகாண அரசவைக் கவிஞரானார். சட்டமன்ற மேலவையிலும் வீற்றிருந்தார். 1971-இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1972 ஆகஸ்டு 24 அன்று இயற்கை எய்தினார். சென்னைத் தலைமைச் செயலகத்தின் பத்துமாடிக் கட்டடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அரசவைக் கவிஞருக்கு ஒரு மருமக் கதை இழுக்காகத் தோன்றவில்லை. நமக்கோ கவிதைத் தொகுப்பே எழுத்து, ஏனையவை விளையாட்டு என்னும் எண்ணம். பன்னிரண்டு வயதுப் பெண்ணொருத்தி விளக்கை அணைக்க மனமின்றிப் பக்கம் புரட்டுகிறாள்; அச்சத்தினூடே அறத்தைத் தேறுகிறாள். அத்தகைய கதை ஒன்றை எழுதுதல் வெண்பா யாப்பதினும் எளிதன்று. அடுத்த பத்தாண்டில் நம்முள் ஒருவரேனும் அதற்குத் துணிவாராயின், கவிஞர் பிறந்த மண்ணுக்குச் செய்யும் கடன் அதுவேயாகும்.