லிலியுவோகலானி அரசியார்

பசிபிக் மாகடலின் நடுவே ஹவாய்த் தீவுகள் அமைந்துள்ளன. அவை தனியரசாக விளங்கிய காலத்தில் இறுதியாக அரியணை ஏறியவர் லிலியுவோகலானி அரசியார் ஆவார். இவர் 1838ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 2ஆம் நாள் ஹொனலூலு நகரில் உயர்குடியிற் பிறந்தார். இசைப் புலமை மிக்க இவ்வம்மையார் இயற்றிய 'அலோஹா ஓய்' என்னும் பிரியாவிடைப் பாடல் உலகெங்கும் புகழ் பெற்றது.

அக்காலத்தில் அத்தீவுகளிற் கரும்பு வேளாண்மை செழித்தது. 1875இல் ஏற்பட்ட உடன்படிக்கையால் ஹவாய்ச் சர்க்கரை தீர்வையின்றி அமெரிக்கா சென்றது. தோட்டங்களுக்கு உரியவரான வெள்ளையர் பெருஞ்செல்வர் ஆயினர்; பின்பு ஆட்சியையும் கைக்கொள்ள விழைந்தனர். அரசியாரின் தமையனார் கலாகவா மன்னரை 1887இல் அச்சுறுத்திப் புதியதோர் அரசியற் சட்டத்திற் கையொப்பமிடச் செய்தனர். அச்சட்டம் மன்னரின் அதிகாரத்தைக் குறைத்தது. ஏழைக் குடிகள் பலரின் வாக்குரிமையையும் பறித்தது.

1891இல் அரசுரிமை எய்திய அம்மையார், இழந்த உரிமைகளை மீட்கப் புதுச்சட்டம் வகுக்க முனைந்தார். அதுகண்டு வெகுண்ட செல்வர் கூட்டம் 1893 ஜனவரியிற் கிளர்ந்தெழுந்தது. அமெரிக்கத் தூதரின் வேண்டுகோளால் போர்க்கப்பலினின்றும் 162 வீரர் கரையிறங்கினர். எதிர்த்தால் குடிகளின் குருதி பெருகும் என்றுணர்ந்த அரசியார், தம் மறுப்பை எழுதிவைத்து ஆட்சியை விட்டு நீங்கினார். அமெரிக்க அரசு உண்மையை ஆராய்ந்து நீதி வழங்கும் என நம்பினார்.

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கிளீவ்லண்டு, நேர்ந்தது தவறே என்று கண்டு அரசியாரை மீண்டும் அமர்த்த முயன்றார். பகைவரை மன்னிக்க முதலில் தயங்கிய அரசியாரும் பின்னர் இசைந்தார். ஆயினும் ஆட்சியைப் பற்றியோர் விடவில்லை. 1895இல் அரசியாரின் அன்பர்கள் செய்த கிளர்ச்சி தோல்வியுற்றது. அவ்வன்பர்களைக் கொலைத் தண்டனையினின்று காக்கவே அவர் முடிதுறந்தார். தாம் வீற்றிருந்த அரண்மனையிலேயே ஓர் அறையிற் சிறை வைக்கப்பெற்றார்.

1897இல் ஹவாயை அமெரிக்காவுடன் இணைக்க ஓர் உடன்படிக்கை எழுந்தது. அரசியார் வாஷிங்டன் சென்று வாதாடினார். 21,000க்கு மேற்பட்ட ஹவாய் மக்கள் கையொப்பமிட்டு மறுப்பு விண்ணப்பம் விடுத்தனர். உடன்படிக்கை நிறைவேறவில்லை. ஆனால் 1898இல் அமெரிக்கா ஸ்பெயினோடு போர் தொடுத்தது. பிலிப்பைன் தீவுகளை நோக்கிச் செல்லும் கப்பல்களுக்கு நடுவழியில் ஒரு தங்குதுறை வேண்டியதாயிற்று. உடன்படிக்கைக்கு வேண்டிய மூன்றில் இருபங்கு ஆதரவு கிட்டாமையால், சட்டமன்றங்களின் பொதுத் தீர்மானம் ஒன்றினாலேயே ஹவாய் இணைக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே போர்ட்டோரிக்கோ, குவாம், பிலிப்பைன் ஆகியவையும் அமெரிக்கா வசமாயின. இவ்வாறு கடல் கடந்த வல்லரசு ஒன்று உருவாயிற்று. ஹொனலூலுவில் கொடி மாறிய விழாவிற்கு அரசியார் செல்லவில்லை.

ஆதரவற்ற குழந்தைகளுக்குத் தம் உடைமைகளை அறமாக எழுதிவைத்த அவ்வம்மையார், 1917 நவம்பர் 11ஆம் நாள் உயிர் நீத்தார். 1959இல் ஹவாய் அமெரிக்காவின் 50ஆவது மாநிலம் ஆயிற்று. அரசியார் ஆட்சியிழந்து நூறாண்டு நிறைந்த 1993இல், அன்று இழைத்த தவற்றை அமெரிக்கக் காங்கிரசே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரியது. படைவலியால் நாட்டைக் கொள்ளலாம். அதனால் அச்செயல் அறமாகிவிடாது. இவ்வுண்மையை அவரது வாழ்வு நமக்கு உணர்த்துகின்றது.