போவரி கண்ட கடிவாளம்

புழுவின் முட்டையை உற்றுப் பார்ப்பதால் மனிதனுக்கு என்ன பயன் என்று விலங்கியல் மாணவனாகிய என்னை நண்பர்கள் கேட்பதுண்டு. அவர்களுக்கு நான் தியோடார் போவரியின் வாழ்க்கையையே விடையாகச் சொல்வேன்.

ஜெர்மனியின் பாம்பர்க் நகரில், ஒரு மருத்துவரின் மகனாக, 1862 அக்டோபர் 12-ஆம் நாள் போவரி பிறந்தார். மியூனிக் பல்கலைக்கழகத்தில் வரலாறும் தத்துவமும் பயிலச் சேர்ந்தவர், விரைவிலேயே உயிர்நூலின் பக்கம் திரும்பினார். குதிரையின் குடலில் வாழும் உருளைப்புழுவின் முட்டைகளை ஆராயத் தொடங்கினார். அவற்றில் குரோமோசோம்கள் மிகச் சிலவே; எண்ணிப் பார்ப்பது எளிது. உயிரணு பிரியும்போது இரு துருவங்களாக நின்று அப்பிரிவை நடத்தும் நுண்பொருளுக்கு 1888-இல் சென்ட்ரோசோம் எனப் பெயரிட்டவர் அவரே. 1893-இல் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

அவருடைய பெரும் சோதனை கடல் முள்ளெலியின் முட்டைகளில் நடந்தது. ஒரு முட்டைக்குள் இரண்டு விந்தணுக்கள் புகுந்தால், அது ஒரே சமயத்தில் நான்காகப் பிரியும். மூன்று தொகுதிக் குரோமோசோம்களை நால்வர் பங்கிட்டால் எப்படிச் சரியாக வரும்? ஒரு பங்கில் ஒன்று மிகும். வேறொன்றில் மற்றொன்று அறவே இராது. அக்கருக்களுள் பெரும்பாலானவை சிதைந்தன. குரோமோசோம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பணி உண்டு, தொகுதி முழுமையாக இருந்தால்தான் வளர்ச்சி சீர்ப்படும் என்று 1902-இல் அவர் நிறுவினார். 1897-இல் அவரை மணந்த அமெரிக்க உயிரியலார் மார்செல்லா ஓகிரேடி, இந்த ஆய்வில் உடன் உழைத்தார்.

உடல்நலம் அவரைப் பலகாலம் வாட்டியது. பெர்லினில் புதிதாக அமைந்த உயிரியல் ஆய்வுக் கழகத்தின் தலைமைப் பதவி தேடி வந்தபோதும், 1913-இல் அதை ஏற்க இயலாமற் போயிற்று. ஆயினும் மறு ஆண்டே புற்றுநோய் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். உயிரணுவுக்குள் பிரிவைத் தூண்டுவதும் உண்டு, தடுப்பதும் உண்டு; தடுப்பது தொலைந்தால் உயிரணு ஓயாது பெருகும் என்று அதில் கருதினார். முட்டைகளிற் கண்டதைக் கொண்டு அவர் செய்த ஊகம் அது. 1915 அக்டோபர் 15-ஆம் நாள், 53 வயது நிரம்பிய மூன்றாம் நாள், அவர் மறைந்தார். 1929-இல் அந்நூலை மார்செல்லா ஆங்கிலத்தில் தந்தார்.

குழந்தைகளின் விழித்திரைப் புற்றுநோயை ஆராய்ந்தோர், ஆர்பி என்னும் மரபணுவை 1986-இல் பிரித்தெடுத்தனர். அதிலிருந்து உண்டாகும் புரதம், ஈ2எஃப் என்ற மற்றொரு புரதத்தைப் பற்றிக்கொண்டு, பிரிவுக்கு வேண்டிய மரபணுக்கள் படியெடுக்கப்படாமல் காக்கிறது. உரிய வேளை வந்ததும் சில நொதிகள் அதன்மீது பாஸ்பேட்டை ஏற்றும், பிடி தளரும், மரபணுக்கள் விழித்தெழும், டிஎன்ஏ இரட்டிக்கும். ஆர்பி மரபணுவின் இரு படிகளும் கெட்டுவிட்டால் அந்தப் பிடியே இல்லை. போவரி ஊகித்த கடிவாளங்களுள் ஒன்று இதுதான்.

அதைக் காண அவர் இல்லை. ஆய்வின் பலன் நம் வாழ்நாளுக்குள் கிட்டாமற் போகலாம். அதற்காக முட்டையை உற்றுப் பார்ப்பதை நாம் நிறுத்த வேண்டியதில்லை.