அன்னா கோல்மன் லாட்

அன்னா கோல்மன் லாட் (ஜூலை 15, 1878 – ஜூன் 3, 1939) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த பெண் சிற்பி ஆவார். முதலாம் உலகப் போரில் முகம் சிதைந்த படைவீரர்களுக்கு, அவர்களது பழைய முகத்தை ஒத்த முகமூடிகளைப் பாரிஸ் நகரில் செய்து கொடுத்தமையால் அறியப்படுகிறார்.

இளமையும் கலையும்

பென்சில்வேனியா மாநிலத்தின் பிரின் மார் என்னும் ஊரில் பிறந்தார். இயற்பெயர் அன்னா கோல்மன் வாட்ஸ். பாரிஸ், ரோம் நகரங்களில் சிற்பக்கலை பயின்றார். 1905 இல் மருத்துவர் மேனார்ட் லாட் என்பவரை மணந்து பாஸ்டனில் குடியேறினார். நீரூற்றுச் சிலைகளும் மார்பளவு உருவச் சிலைகளும் இவரது துறையாக இருந்தன. 1915 இல் சான் பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில் வைக்கப்பட்ட இவரது குழந்தைச் சிலைத்தொகுதி பின்னர் பாஸ்டன் பொதுப்பூங்காவில் இடம்பெற்றது. இரண்டு நூல்களும் எழுதியுள்ளார்.

போரும் முகக்காயங்களும்

பதுங்குகுழிப் போரில் வீரர்களின் உடல் மண்ணுக்குள் மறைந்திருக்க, தலையே வெளியே தெரிந்தது. எனவே குண்டுச் சிதறல்கள் முகத்தையே அதிகம் தாக்கின. ஒட்டறுவை மருத்துவம் அப்போதுதான் வளர்ந்து வந்தது. நெற்றித் தோலைக் கொண்டு மூக்கு அமைக்கும் முறை இந்தியாவில் நெடுங்காலமாக இருந்ததே. திப்பு சுல்தானின் படையினரால் மூக்கு அறுபட்ட காவஸ்ஜி என்னும் வண்டியோட்டிக்கு அவ்வாறு மூக்கு அமைக்கப்பட்ட செய்தி 1794 இல் இலண்டன் இதழொன்றில் வெளியாகி, ஐரோப்பிய மருத்துவர்களின் கவனத்தை ஈர்த்தது. எனினும் தாடையோ கன்னமோ முழுவதுமாகப் போனவர்களுக்கு அறுவை மருத்துவத்தால் இயன்றது சிறிதே. இத்தகையோர் வீடு திரும்பவும், மனைவி மக்கள் முன் நிற்கவும் அஞ்சினர். சில மருத்துவமனைகளில் நோயாளர் கூடங்களிலிருந்து கண்ணாடிகள் அகற்றப்பட்டன.

இலண்டனில் பிரான்சிஸ் டெர்வென்ட் வுட் என்னும் சிற்பி இவர்களுக்காக உலோக முகமூடி செய்யும் பிரிவொன்றை நடத்திவந்தார். படைவீரர்கள் அதைத் 'தகர மூக்குக் கடை' என்று வேடிக்கையாக அழைத்தனர். 1917 இறுதியில் கணவரின் மருத்துவப் பணியை ஒட்டிப் பிரான்சு சென்ற லாட், வுட்டிடம் செய்முறையைக் கேட்டறிந்து, அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஆதரவில் பாரிசில் தமது கூடத்தை நிறுவினார்.

முகமூடிக் கூடம்

முதலில் காயம் ஆறிய முகத்தின் மீது பாரிஸ் சாந்து பூசி அச்சு எடுக்கப்படும். மூச்சு முட்டும் இவ்வேலை, ஏற்கனவே பல அறுவைகளைக் கண்டவர்களுக்குப் புதிய வேதனையாகவே இருந்தது. அவ்வச்சின் மீது, போருக்கு முன் எடுத்த ஒளிப்படத்தைப் பார்த்து, இழந்த பகுதி களிமண்ணில் வடிக்கப்படும். பின்னர் அது மின்முலாம் முறையில் மெல்லிய செப்புத் தகடாக்கப்படும். தடிமன் அங்குலத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. எடை நான்கு முதல் ஒன்பது அவுன்சு. வீரர் அதை அணிந்து அமர்ந்திருக்கும்போதே லாட் எனாமல் வண்ணம் தீட்டினார். மூட்டமான நாளில் பளிச்செனத் தெரியும் தோல்நிறம் வெயிலில் வெளிறித் தெரியும் என்பதால், இரண்டிற்கும் இடைப்பட்ட நிறம் தேர்ந்தெடுக்கப்பட்டது. புருவமும் மீசையும் உண்மையான முடியால் அமைந்தன. பெரும்பாலான முகமூடிகளை மூக்குக்கண்ணாடியின் சட்டமே தாங்கிப் பிடித்தது.

ஒரு முகமூடிக்கு ஏறத்தாழ ஒரு மாதம் ஆயிற்று. அந்த ஒரு மாதமும் மருந்தாக இருந்தது எனலாம். கூடத்தில் பூக்களும் கொடிகளும் சுவரொட்டிகளும் நிறைந்திருந்தன. வீரர்களுக்குத் திராட்சை மதுவும் சாக்லேட்டும் வழங்கப்பட்டன. டோமினோ ஆடவும் அவர்கள் கூடினர். லாடும் அவரது உதவியாளர்களும் முகஞ்சுளிக்காமல் அவர்களை நேருக்கு நேர் பார்த்துச் சிரித்துப் பேசினர். வெளியுலகில் அவர்களுக்குக் கிடைக்காதது இதுவே.

தெருக்கூத்திலோ பிற அரங்கிலோ முகமூடி ஒருவரை வேறொருவராக்கும். இங்கு அது அவரை மீண்டும் அவராகவே காட்ட முயன்றது. ஆனால் செப்புமுகம் சிரிக்காது, மெல்லாது, வயதாகாது. வண்ணம் சில ஆண்டுகளில் உரிந்தது. மேலும், முகம் சிதைந்தோர் பல ஆயிரம் பேர்; கூடம் செய்த முகமூடிகள் இருநூறுக்கும் குறைவு. இருந்தும் வீதியில் நடக்கவும் வேலைக்குச் செல்லவும் துணிவு பெற்ற பலர் லாடுக்கு நன்றி மடல்கள் எழுதினர்.

பிற்காலம்

போர் முடிந்தபின் லாட் அமெரிக்கா திரும்பிச் சிற்பப் பணியைத் தொடர்ந்தார். கூடம் பிறரது பொறுப்பில் சிறிது காலம் இயங்கியது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மான்செஸ்டர் ஊருக்காக இவர் வடித்த போர் நினைவுச்சின்னத்தில் வெற்றிவீரன் இல்லை. முள்வேலியில் சிக்கி அழுகும் உடலே இருந்தது. 1932 இல் பிரான்சு அரசு இவருக்குச் செவாலியர் விருது வழங்கியது. 1936 இல் கணவருடன் கலிபோர்னியா சென்று வாழ்ந்த லாட், சாண்டா பார்பராவில் காலமானார்.

இவர் செய்த முகமூடிகள் பெரும்பாலும் எஞ்சவில்லை. கூடத்தின் ஒளிப்படங்களும், செஞ்சிலுவைச் சங்கம் எடுத்த மௌனப்படமும் பாதுகாக்கப்பட்டுள்ளன.