கரடியைப் பார்த்து பயமா, ஓடுவதால் பயமா? யார் இந்த வில்லியம் ஜேம்ஸ்?

காட்டில் கரடியைப் பார்க்கிறோம், பயப்படுகிறோம், ஓடுகிறோம். இதுதான் வரிசை என்று நாம எல்லாருமே நினைப்போம். 1884-ல் ‘மைண்ட்’ என்ற ஆய்விதழில் ஒருவர் இந்த வரிசையைத் திருப்பிப் போட்டார். கரடியைப் பார்த்ததும் முதலில் உடம்புதான் மாறுகிறது: நெஞ்சு படபடக்கிறது, கால்கள் ஓடத் தொடங்குகின்றன. அந்த மாற்றங்களை நாம் உணர்வதற்குப் பெயர்தான் பயம் என்றார்.

அவர் வில்லியம் ஜேம்ஸ். அமெரிக்க உளவியலின் தந்தை என்று அழைக்கப்படுபவர். மூடு வரும்வரை காத்திருக்காம முதலில் எழுந்து நடங்க என்று இன்றைய தெரபிஸ்ட்கள் சொல்கிறார்களே, அந்த யோசனையை அவர் தன் மேலேயே சோதித்துப் பார்த்தவர்.

1842-ல் நியூயார்க்கில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸ் இவருடைய தம்பி. முதலில் ஓவியம் படித்தார், விட்டார். பிறகு வேதியியல், அப்புறம் மருத்துவம். நடுவில் அமேசானுக்கு ஆய்வுப் பயணம் போய் அம்மை வாங்கிக்கொண்டார். 1869-ல் ஹார்வர்டில் மருத்துவப் பட்டம் கிடைத்தது. ஆனால் மருத்துவராக அவர் வேலை பார்க்கவே இல்லை.

1870. வயது 28, கையில் டிகிரி, வேலை இல்லை, அப்பா வீட்டில் வாசம். கேட்ட கதை மாதிரி இருக்கா? முதுகுவலி, கண் பிரச்னை, கூடவே தற்கொலை எண்ணங்கள். மார்ச் மாதம், நெருங்கிப் பழகிய உறவுக்காரப் பெண் மின்னி டெம்பிள் காசநோயில் இறந்தார். அவருக்கு 24 வயதுதான்.

ஏப்ரல் 30 அன்று ஜேம்ஸ் டயரியில் ஒரு முடிவை எழுதினார். பிரெஞ்சு தத்துவவாதி ரெனூவியேவைப் படித்த கையோடு எழுதியது அது. மனிதனுக்குச் சுய விருப்பம் உண்டு என்று நம்புவதையே தன் முதல் சுதந்திரச் செயலாக வைத்துக்கொள்வது, உட்கார்ந்து மண்டையைக் குழப்பிக்கொள்வதை அந்த வருடம் முழுக்க நிறுத்திவைப்பது, சின்னச் சின்னச் செயல்களைப் பழக்கமாக்குவது. இதைப் பலரும் ஒரே நாளில் குணமான கதையாகச் சொல்கிறார்கள். அது சரியில்லை என்பது என் கருத்து. சோர்வும் தூக்கமின்மையும் அவரை வாழ்நாள் முழுக்க விட்டுவிட்டுத் துரத்தின. மாறியது வேறு ஒன்று: மனசு சரியாகட்டும் என்று காத்திருப்பதை நிறுத்தினார்.

1873-ல் ஹார்வர்டில் பாடம் எடுக்கத் தொடங்கினார். 1878-ல் திருமணம். அதே வருடம் ஒரு உளவியல் பாடநூலுக்கு ஒப்பந்தம் போட்டார். இரண்டு வருடத்தில் முடிக்கிறேன் என்றவர் முடித்தது 1890-ல். (டெட்லைனைத் தாண்டுகிறவர்கள் ஆறுதல்பட்டுக்கொள்ளலாம்.) இடையில் 1885-ல் ஒன்றரை வயது மகன் ஹெர்மன் கக்குவான் இருமலில் இறந்தான். தன் இளவயதில் வந்த கடுமையான பேனிக் அனுபவத்தை 1902-ல் வெளியான நூலில் சேர்த்தார், ஆனால் யாரோ ஒரு பிரெஞ்சுக்காரர் சொன்னதுபோல. அது தன் கதைதான் என்று பின்னால் ஒப்புக்கொண்டார்.

சரி, அவர் கோட்பாடு உண்மையா? முழுசா இல்லை. உடல் மாற்றங்கள் மெதுவானவை, வெவ்வேறு உணர்ச்சிகளுக்கும் ஒரே மாதிரி வருபவை என்று ஹார்வர்டின் வால்டர் கேனன் 1927-ல் அதைப் பிரித்து மேய்ந்தார். பற்களுக்கு இடையே பேனாவை வைத்து முகத்தைச் சிரிப்பதுபோல ஆக்கினால் கார்ட்டூன் கூடுதல் வேடிக்கையாகத் தெரியும் என்றது 1988-ல் வந்த பிரபல ஆய்வு. 2016-ல் 17 ஆய்வுக்கூடங்கள் திரும்பச் செய்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. 2022-ல் 19 நாடுகளில் 3,878 பேரிடம் நடந்த ஆய்வில், சிரிக்கும் முகத்தைப் பார்த்து அதேபோல வைத்துக்கொண்டவர்களுக்கு மகிழ்ச்சி கொஞ்சம் கூடியது. கொஞ்சம்தான். சிரிச்சா எல்லாம் சரியாகிடும் என்று ரீல்ஸ் போடும் அளவுக்கு இல்லை.

இன்றைய தெரபியில் இதற்கு நெருக்கமாக வருவது டிபிடி எனப்படும் டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி. தற்கொலை எண்ணத்தோடு போராடுபவர்களுக்காக வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மார்ஷா லைன்ஹன் உருவாக்கியது. இதன் முதல் சோதனை முடிவு 1991-ல் வெளியானது. உணர்ச்சி உச்சத்தில் இருக்கும்போது முகத்தில் குளிர்ந்த நீர் படவைப்பது (இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் செய்யக் கூடாது), மூச்சை மெதுவாக வெளியே விடுவது என்று அதில் பல பயிற்சிகள். இன்னொன்று எதிர்ச்செயல்: உணர்ச்சி எதைச் செய்யத் தூண்டுகிறதோ அதற்கு நேர்மாறானதைச் செய்வது. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அந்த உணர்ச்சி நிலவரத்துக்குப் பொருந்தாதபோது மட்டும்தான். பிரசன்டேஷன் என்றாலே பயமா? போய்ப் பேசுங்க. மேனேஜர் நிஜமாகவே துன்புறுத்துகிறாரா? அந்தப் பயம் சரியான தகவல், சிரித்துச் சமாளிக்க வேண்டியதில்லை. நிஜக் கரடி வந்தால் ஓடத்தான் வேண்டும். தற்கொலை எண்ணம் வந்தால் தனியாகப் பயிற்சி செய்து பார்க்க வேண்டாம். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, இலவசம், 24 மணி நேரமும் இயங்குகிறது.

1906 ஏப்ரல் 18, சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கம். அப்போது ஜேம்ஸ் பக்கத்தில் ஸ்டான்ஃபோர்டில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். 64 வயது, ஏற்கெனவே இதயக் கோளாறு. கட்டில் குலுங்கியபோது தனக்குப் பயமே வரவில்லை, ஒருவிதக் குதூகலம்தான் வந்தது என்று பிறகு எழுதினார். அன்றே ரயிலேறி, எரிந்துகொண்டிருந்த நகரத்துக்குப் போனார். தெருவில் சாமான்களை இழுத்துக்கொண்டும் அடுத்தவருக்குக் கைகொடுத்துக்கொண்டும் இருந்தவர்கள் ஓரளவு நிதானமாக இருந்ததையும், தூரத்தில் செய்தி மட்டும் கேட்டவர்கள்தான் அதிகம் கலங்கிப்போனதையும் ஒரு கட்டுரையாகவே பதிவு செய்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1910 ஆகஸ்டில், இதய நோயால் இறந்தார்.