நரகத்துக்குப் படம் போட்டவர்

பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் டோரே, முறைப்படி ஓவியம் பயின்றவர் அல்ல. 1832-ல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் பிறந்தார். 15 வயதிலேயே பாரீஸ் நகைச்சுவைப் பத்திரிகை ஒன்றில் சித்திரக்காரராகி விட்டார்!

இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் காவியத்தில் வரும் நரகத்துக்குப் படம் போட அவருக்கு ஆசை. பெரிய புத்தகம், விலையும் அதிகம். யார் வாங்குவார்கள் என்று பதிப்பாளர் தயங்கினார். டோரே தம் கைப்பணத்தையே போட்டார். 1861-ல் வெளிவந்த புத்தகம் மளமளவென்று விற்றுத் தீர்ந்தது.

பிறகு கேட்க வேண்டுமா? 1863-ல் டான் குவிக்சாட், 1866-ல் பைபிள். எலும்பும் தோலுமான டான் குவிக்சாட், தொந்தியும் தொப்பையுமாக சாஞ்சோ! கதையைப் படிக்காதவர்கள்கூட அந்தப் படங்களில் சொக்கிப் போவார்கள். மரக்கட்டையில் டோரே வரைவார். அதைச் செதுக்க, கைதேர்ந்த ஆட்கள் இருந்தனர்.

ஆனால் அவர் மனக்குறை வேறு. பெரிய வண்ண ஓவியங்கள் தீட்டிப் புகழ் பெற வேண்டும் என்று ஏங்கினார். லண்டனில் அவற்றுக்கென்றே தனிக் கூடம் இருந்தது, கூட்டமும் வந்தது. பாரீஸ் விமர்சகர்களோ, புத்தகத்துக்குப் படம் போடுகிறவர்தானே என்று ஒதுக்கினர்.

அவர் திருமணம் செய்து கொள்ளவில்லை. தாயார்தான் எல்லாம். 1881-ல் தாயார் இறந்தார். 1883-ல், 51-வது வயதில், டோரேயும் கண்ணை மூடினார். ஷேக்ஸ்பியர் நாடகங்களுக்குப் படம் வரையும் வேலை பாதியில் நின்றது.